ஓலை வாசிக்க ஏப்ரல் வரை என்னால் காத்திருக்க முடியாது

ஊர்த் தலைவர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிறு இரவு கமிட்டி எழுதிய மினிட்டை என் தங்கச்சி வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். என் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, கோயிலில் வாசிக்க ஊர் சம்மதம் சொல்லும் ஊர்க்கடிதம் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: ‘மணமகளின் உடல்நலம் தேறியபின், வரும் தடைக்காலத்தில் பரிசீலிக்கலாம்.’

அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டேன். ‘தேறியபின்’ என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது, இனிச் செய்வதெல்லாம் வலியைக் குறைக்கத்தான் என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் மனுவோடு சேர்த்துத்தான் வைத்தேன். நான் தேறமாட்டேன். டாக்டருக்கே இல்லாத நம்பிக்கை கமிட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. இப்போது கார்த்திகை. எத்தனை மாதம் என்று டாக்டரிடம் கேட்டதற்கு அவர் கணக்குச் சொல்லவில்லை. ‘கிறிஸ்மஸை நல்லா கொண்டாடுங்கம்மா’ என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆண்கள் கரையில் இருக்கும் அந்த 61 நாளில் கல்யாணம் வைப்பது நம் ஊர் வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. என் இரண்டு தங்கச்சிகளுக்கும் மே மாதத்தில்தான் செய்தோம். அப்பா படுத்துவிட்ட பிறகு கடல்பாசி எடுத்த காசில் நான் நடத்திய கல்யாணங்கள் அவை. இரண்டு முறையும் ஊர் வரி பாக்கி பைசா இல்லாமல் தீர்த்துத்தான் கடிதம் வாங்கினேன். அன்றைக்கு மணமக்களின் ஆஸ்பத்திரிச் சீட்டை யாரும் கேட்கவில்லை. சின்னவள் வீட்டுக்காரருக்கு இழுப்பு உண்டு என்பது ஊருக்கே தெரியும். (மன்னிக்கணும் மாப்பிள்ளை, வேறு உதாரணம் கிடைக்கவில்லை.)

நான் பிறந்தது 1986இல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கிய வருடம். அதனால் நான் பாசி எடுக்கப் பழகியதே ஃபாரஸ்ட்காரர்களுக்குப் பயந்து பயந்துதான். விரலில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பதினாறு வயதில் தண்ணீரில் இறங்கினேன். பல வருடம் கழித்து ஒருநாள், நனைந்த பாசிப் பையைத் தோளில் தூக்கும்போது இடது பக்கம் ஏதோ உறுத்தியது. பாறை கீறியிருக்கும் என்று ஒரு வருடம் விட்டுவிட்டேன். அந்த ஒரு வருடத்துக்கு யார் மீதும் பழி போட முடியாது.

ஆஸ்பத்திரி என்று அலையத் தொடங்கிய நேரம் பார்த்து, 2022 டிசம்பரில் பழைய பாம்பன் தூக்குப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். மதுரைக்குப் போக வேண்டுமென்றால் ரோட்டுப் பாலம் தாண்டி மண்டபம் போய் ரயில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அப்படி அமைந்ததுதான் அந்த ஆட்டோ. ஓட்டியவர் உச்சிப்புளிப் பக்கத்துக்காரர், பனையேறிக் குடும்பம், நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகாதவர். முதல் ஆறு மாதம் நாங்கள் பேசியது வாடகையைப் பற்றி மட்டும்தான்.

அறுவை முடிந்து கீமோ ஏற்றித் திரும்பும்போது வண்டி ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் உயிர் போய்விட்டு வரும். ஒருநாள் சீட்டின் மேல் பழைய சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்திருந்தார். மண்டபத்திலிருந்து நம் ஊர் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று எண்ணியும் வைத்திருந்தார். பதினொன்று. ஒவ்வொன்றிலும் வண்டியை நிற்கிற அளவுக்குக் குறைத்து, ஏறி இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் சொல்வார்: ‘இன்னும் ஏழு.’ அப்புறம் ‘இன்னும் ஆறு.’ என் வலிக்கு ஒரு முடிவு உண்டு என்று முதன்முதலில் எனக்கு எண்ணிச் சொன்னவர் அவர்தான். மீன் வாங்க மட்டும் தெரியாது. கண் சிவந்து வயிறு தொங்கிய சூடையைப் புது மீன் என்று வாங்கி வந்து, காரல் சொதி வைக்கிற மாதிரி இதையும் வைக்கலாமா என்று கேட்ட மனிதர்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. இனித் தீவிலேயே ரயில் ஏறலாம், ஆட்டோ தேவையில்லை. அந்த மாதம் மதுரைக்குப் போக வேண்டிய நாளில் விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தால், தெருமுனையில் வண்டி நிற்கிறது.

‘அதான் ரயில் வருதே’ என்றேன்.

‘வரட்டும்’ என்றார்.

அவ்வளவுதான் எங்கள் காதல் பேச்சு. எனக்கு அதிக நாள் இல்லை என்று தெரியுமா என்று பாலத்தின் மேல் போகும்போது கேட்டேன். ‘கூட்டிட்டுப் போறதே நான்தானே, எனக்குத் தெரியாதா’ என்றார்.

இதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் ராத்திரி பெண்கள் வார்டு வாசலில் காவலுக்கு இருந்தவர் அவரைப் பார்த்து, ‘நீங்க யாரு?’ என்று கேட்டார். நான் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் சொன்னார்: ‘ஆட்டோ டிரைவர்ங்க.’ டிரைவருக்கு உள்ளே என்ன வேலை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விதிப்படி அது சரிதான். அந்த மூன்று ராத்திரியும் நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்தது பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா. அவர் ரோட்டோரம் வண்டிக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்திருந்தார். ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது ‘சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க’ என்றார்கள். தங்கச்சி கைக்குழந்தையோடு பஸ் ஏறி வர மறுநாள் மதியம் ஆனது.

வீட்டுக்கு வந்த அன்று நான்தான் அவரிடம் கேட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று. அவர் கேட்கவில்லை. இதைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவர் என்னை ஏமாற்றுகிறார் என்று ஏலக்கூடத்தில் ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும்.

என்ன சொத்துக்காக ஏமாற்றுகிறார்? வீடு இருப்பது புறம்போக்கில். பட்டா இல்லை என்பது தலைவருக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்கும் இல்லை. மிச்சம் இரண்டு ஆடு, ஒரு கிரைண்டர், பாசிப் பை. காப்பீட்டில் வருகிற 5 லட்சம் அவருக்குப் போய்விடும் என்று ஒருவர் சொன்னாராம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு. பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். செத்தால் வீட்டுக்கு வருகிற பணம் இல்லை அது. அந்த அட்டை உங்கள் வீட்டிலும் இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு பேச்சு, நான் மாத்திரை மயக்கத்தில் பேசுகிறேன் என்பது. மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று சாப்பிடுகிறேன், உண்மை. ஆரம்பத்தில் சில நாள் தூக்கமாக வந்தது. மலச்சிக்கல் இன்றைக்கும் படுத்துகிறது. ஆனால் சரியான அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் எடுக்கும், புத்தியை எடுக்காது. வலியோடு கிடந்த நாட்களில்தான் நான் யாரிடம் என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் இருந்தேன். இந்த மடலை மூன்று நாளாக, மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன். மயக்கத்தில் எழுதியது மாதிரி இருந்தால் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற, வலி தணிக்கும் பாலியேட்டிவ் நர்ஸிடம் இதையெல்லாம் சொல்லி அழுதேன். அவர் ஒரு கதை சொன்னார். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு அம்மா. போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற அகதி புற்றுநோயில் கிடந்தபோது, அவருடைய கடைசி நாட்களில் போய்ப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். அது காதலாகிவிட்டது. 1948இல் அவர் இறந்தார். போகும்போது அந்த அம்மாவுக்கு 500 பவுன் எழுதிவைத்தார். (நகை என்றுதான் நானும் நினைத்தேன். இங்கிலாந்துக் காசாம்.) சாகப்போகிறவர்களை வலியில்லாமல், மரியாதையோடு பார்த்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிப் பேசி வைத்திருந்ததை, 1967இல் அந்த அம்மா கட்டி முடித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற இந்த வைத்தியமுறைக்கு அந்த இடம்தான் வழிகாட்டி என்று நர்ஸ் சொன்னார். அப்படிப் பார்த்தால் என் கையில் இருக்கிற மாத்திரைப் பட்டையிலும் அந்தச் சில வாரத்துக் காதலில் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, லண்டன் வேண்டாம். நம் ஊருக்கே வருகிறேன்.

‘நாலு மாசத்துல முடியப்போற கதைக்கு எதுக்குப்பா ஓலை’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் சமுதாயக் கூடத்துக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர் யார் என்று குரலிலேயே தெரியும். அவர் என் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போனவர். அவரிடமே கேட்கிறேன். டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிற எவனுக்காவது திரும்பி வருவான் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறதா? வாடைக் காற்றில் வடகடலில் மாட்டினவர்களை நாம் பார்க்கவில்லையா? எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் ஒரு மாதமா ஒரு வருடமா என்று யாருக்குத் தெரியும்? இவர்களில் யாருடைய கல்யாணத்துக்காவது, எத்தனை நாள் உயிரோடு இருப்பாய் என்று கேட்டுவிட்டா கடிதம் கொடுத்தீர்கள்? இந்தக் கரையில் பெண் கொடுக்கிற ஒவ்வொரு வீடும் அது தெரிந்துதான் கொடுக்கிறது.

என் அம்மாச்சி தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். 1964 மே மாதம் கல்யாணம். டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் எடுத்துக்கொண்ட ராத்திரி அது. அம்மாச்சி பிழைத்தார், அவர் வீட்டுக்காரர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. ஏழு மாதக் கல்யாணம். மூன்று வருடம் கழித்துத்தான் என் தாத்தாவைக் கட்டினார். கல்லறைத் திருநாள் அன்று அம்மாச்சி எப்போதும் இரண்டு மெழுகுவர்த்தி எடுத்து வைப்பார். ஒன்று கல்லறைத் தோட்டத்தில் நம் குடும்பத்துக் குழிக்கு. இன்னொன்றைச் சாயங்காலம் கடற்கரைக்குக் கொண்டுபோய், தேங்காய்ச் சிரட்டைக்குள் நட்டு, காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு கொளுத்துவார். அந்த இரண்டாவது மெழுகுவர்த்தியைத் தாத்தா உயிரோடு இருந்தவரை தாத்தாதான் கடையில் வாங்கிக் கொடுத்தார். ஏழு மாதம்தானே, அதெல்லாம் ஒரு கல்யாணமா என்று அவரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. என் கணக்கு ஏழு மாதத்துக்கும் கீழே போகலாம். அதற்காக அது கல்யாணம் இல்லை என்று ஆகிவிடுமா?

பங்குத்தந்தை தனக்குத் தடையில்லை, ஊர்க்கடிதம் மட்டும் கொண்டு வா என்கிறார். அவர் எங்கள் இருவரையும் விசாரித்துவிட்டார், ஆட்டோக்காரரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். சாவு ஆபத்தில் இருப்பவர்களுக்கு விதிகளைத் தளர்த்த 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1068ஆம் பிரிவையும் 1079ஆம் பிரிவையும் பங்குத்தந்தையிடமே கேட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பீடத்துக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? ‘இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்.’ உடல்நலம் தேறியபின் என்று அதில் இல்லை.

பதிவாளர் ஆபீசில் போய்ச் செய்துகொள்ளேன் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அதையும் செய்திருக்கிறோம். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் வயதைக் கேட்கிறது, உயிரோடு வேறு துணை உண்டா என்று கேட்கிறது, உறவுமுறை கேட்கிறது, சுயபுத்தியோடு சம்மதிக்கிறாயா என்று பார்க்கிறது. புற்றுநோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபீசுக்கு வர முடியாவிட்டால், அருகில் நாம் கேட்கிற இடத்துக்கே அதிகாரி வந்து நடத்தி வைக்கவும் அதன் 12ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த நோட்டீஸுக்கு ஆயுள் மூன்று மாதம். என்னோடு போட்டி போடுகிறது. வயது வந்த இரண்டு பேர் மனமொத்துச் செய்யும் கல்யாணத்தை ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் தடுப்பது சட்டவிரோதம் என்று சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்று சிலர் அதைக் காட்டித்தான் சொன்னார்கள். வழக்குப் போட எனக்கு நாளும் இல்லை, உங்கள் மேல் போட மனசும் இல்லை.

ஆனால் பதிவாளர் தருகிற தாள் ஆஸ்பத்திரி வாசலில்தான் உதவும். நம் ஊருக்குள் உதவாது. நான் செத்த பிறகு துக்க மணி அடித்து மைக்கில் அறிவிப்பீர்களே, அதில் என்னை யாருடைய யார் என்று சொல்வீர்கள்? பெட்டியை மூடும் முன் தலைமாட்டில் நிற்க யாரைக் கூப்பிடுவீர்கள்? ஓலை வாசிக்காத கல்யாணம் கல்யாணமில்லை என்று, அவரை வெளியூர் ஆள்களோடு மதிலுக்கு அந்தப்புறம் நிறுத்திவிடுவீர்கள். போன வருடம் அப்படி ஒருவரை நிறுத்தியதை நானே பார்த்தேன். மறுபடியும் ஒரு வாசலில் நின்று அவர் ‘ஆட்டோ டிரைவர்ங்க’ என்று சொல்லக்கூடாது. எனக்கு இருக்கிற பயத்தில் பெரிய பயம் அதுதான். சாவு அதற்கு அடுத்ததுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ‘அவங்க வேற ஆளுங்க’ என்றும் ஒரு குரல் கேட்டது. அதை மினிட்டில் எழுதவில்லை, எழுதவும் மாட்டீர்கள். என் நோய் உங்களுக்கு நல்ல சாக்காக அமைந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அப்படியானால் அதையே எழுதுங்கள். அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். வருகிற ஞாயிறு கூடி, அந்த வரியை அடித்துவிட்டு ஊர்க்கடிதம் கொடுங்கள். இன்னாருடைய மகள் என்று மட்டும் போடாமல் என் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நேரமில்லை என்றால் ஒன்றோடு முடித்துக்கொள்ள பங்குத்தந்தை ஆயரிடம் அனுமதி கேட்கத் தயார், நீங்கள் மறிக்காமல் இருந்தால் போதும். நான் இறந்தால் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்று அறிவிக்க வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் அவர் நிற்க வேண்டும், கல்லறை மண்ணை அவர்தான் முதலில் போட வேண்டும். இந்த மூன்றையும் மினிட்டில் எழுதித் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும், வாய்ப்பேச்சு வேண்டாம். இனி யாருடைய கல்யாணக் கடிதத்துக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கமிட்டி கேட்கக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். நம் ஊரில் இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை, மற்றவர்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் தெருமுனைச் சங்கிலி. சவ வண்டிக்கு அதை அவிழ்க்கிறீர்கள். ஆட்டோவுக்கு அவிழ்க்க மாட்டேன் என்கிறீர்கள். அங்கிருந்து என் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பத்து அடி நடக்க வேண்டியிருக்கிறது, எண்ணியிருக்கிறேன். ஒரு சாவியை என் தங்கச்சியிடம் கொடுத்து வையுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நானே வருவேன். என்னால் அதிக நேரம் நிற்க முடியாது. நாற்காலியை இந்த முறை கூடத்துக்கு உள்ளே போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு, பாசிக்காரி வீட்டு மூத்த பெண்